இரவல் வாசற்படி

முதலில் போனது பாண்காரர் ரொசாரியோவின் வாசற்படிதான். மத்தியான நித்திரை முடிந்து பேக்கரிக் கதவைத் திறந்து, தகப்பனும் பாட்டனும் கால் வைத்த அதே இடத்தில் தானும் காலை வைத்தவர், அங்கே படி இல்லாதபடியால் தெருவில் குப்புற விழுந்து, எழும்பி, உடுப்பில் இருந்த மாவைத் தட்டி, கள்ளன் கள்ளன் என்று கத்தி, பிறகு தெருவில் ஏதோ பாரமானது இழுபட்டுப் போன தடத்தைக் கண்டு, அதன் பின்னாலேயே மலை ஏறி, மேட்டில் இருக்கிற பழைய மதிலடிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருடைய படி, முகத்தில் மாவு அப்பினபடி, மதிலில் இருந்த ஒரு ஓட்டைக்குள் போய்ச் செருகிக்கொண்டு, ஒரு நாளும் வேறெங்கும் போகாததுபோல இருந்தது. ரொசாரியோ அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே கொண்டுவந்து தந்திருப்பனே" என்று கல்லுக்குச் சொல்லிவிட்டு, பின்னேரப் பாண் போட நேரமாகிவிட்டதென்று இறங்கிப் போனார்.

அந்தத் தீவு எங்கே இருக்கிறதென்றால், சிசிலிக்குத் தெற்கே, கப்பலில் போகிறவனுக்கு வயிற்றைப் பிரட்டுகிற தூரத்தில், கறுத்தக் கல்லாய்க் கடலுக்குள் கிடக்கிறது. அதன் முனையில், கடலைப் பார்த்த மேட்டில்தான் அந்த மதில். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, கல்லுக்கு மேல் கல்லாக, இரும்பைக் கண்ணாலும் காணாத சனம் அடுக்கின மதில். படித்தவர்கள் வந்து தோண்டி, அளந்து, படம் பிடித்து, இதைக் கட்டினவர்கள் கடலால் வந்த யாருக்கோ பயந்து கட்டியிருக்கிறார்கள், யாருக்கென்று மட்டும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடலைப் பார்த்து மதில் கட்டுகிறவன் வேறு எதற்குப் பயந்திருப்பான்? அதற்கு ஒரு படிப்பு வேணுமா?

தீவுச் சனத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதுவீடு கட்டுகிறவன் மதிலடிக்குப் போய், ஒரு சாடி வைனை நிலத்தில் ஊற்றி, "பெரியவங்களே, கொஞ்ச நாளைக்கு இரவல் தாருங்கோ" என்று கேட்டு, விழுந்து கிடக்கிற கல்லில் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து வாசற்படியாகப் போடுவான். அந்தக் கல் கிடக்கிற வீட்டுக்குக் கடலால் வருகிற கெடுதி அண்டாது என்று நம்பிக்கை. அப்படி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கல். கேட்டவன் எல்லாம் இரவல் என்றுதான் கேட்டான், திருப்பிக் கொடுத்தவன் என்று ஒருத்தன் இல்லை. மதில் இவ்வளவு காலமும் வாய் திறக்காமல் இருந்ததே பெரிய விசயம், பாருங்கோ.

ரொசாரியோவுக்குப் பிறகு மற்றவர்களுடையதும் போகத் தொடங்கின. எப்போதும் மத்தியானம், ஊர் யன்னலைச் சாத்திப் படுத்திருக்கிற நேரத்தில்தான் கல்லுகள் புறப்படும். தெருவால் கரகரவென்று போகும், ஓரம் விட்டுப் போகும், எதிரில் உழவு மெஷின் வந்தால் நின்று வழி விட்டுப் போகும், அவ்வளவு மரியாதை. முதலில் சனம் யன்னலைத் திறந்து பார்த்தது, பிறகு நித்திரையைக் கெடுக்குதே என்று திட்டியது, பிறகு பழகிப்போய், "இண்டைக்கு ஆற்ற வீட்டுது?" என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தது. படி போன வீட்டுக்காரர்கள் பலகை போட்டார்கள், பழைய மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள். கொஞ்ச நாளில் படி போகாத வீட்டைத்தான் ஊர் ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கியது. மேயர் பாஸ்குவாலேக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம். உலகத்திலேயே தன்னைத் தானே திருத்திக் கட்டுகிற மதில் தன்னுடைய ஊரில்தான் இருக்கிறது என்று, அவர் தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

கடைசியாக மிஞ்சின படி யோகமலர் வீட்டுப் படி.

யோகமலர் நெடுந்தீவில் பிறந்தவள். கல்லடுக்கின வேலியும் உப்புக் காற்றும் அவளுக்குப் புதிதில்லை. சண்டைக் காலத்தில் புருசன் குலேந்திரனோடு ஊரை விட்டு, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் இந்தத் தீவில் ஒதுங்கினவள். குலேந்திரன் துறைமுகத்துச் சாப்பாட்டுக்கடையில் குசினி வேலை. அவள் வெளியாட்கள் வந்து தங்குகிற அறைகளைக் கூட்டித் துடைக்கிறவள். அவர்கள் இருந்த வாடகை வீட்டின் படி மற்றப் படிகளைப்போல இல்லை. நீட்டுக்கல். அந்த வீட்டை முதன்முதல் கட்டினவன், ஒரு காலத்தில் மதிலின் வாசலை அடைத்து நின்று பிறகு அங்கேயே விழுந்து கிடந்த கல்லைக் கொண்டுவந்திருந்தான். படுக்கப் போட்டால் வாசற்படி, நிமிர்த்தி விட்டால் ஆளுயரம்.

குடிவந்த அன்றைக்கே அவள் அந்தக் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு பூவும் வைப்பாள். அதோடு விட்டாளா? ஒருத்தரையும் மிதிக்க விடமாட்டாள். தபால்காரன் வந்தாலும் "மிதியாதை!" என்று கத்துவாள், வீடு ஆசீர்வதிக்க வந்த பாதிரியார் சிலுவையோடு காலை வைக்கப் போனபோதும் "மிதியாதேங்கோ ஃபாதர்!" என்று கத்தினாள், வாக்குக் கேட்டு வந்த மேயரும் அப்படித்தான் தாண்டி விழுந்து முழங்காலை உரசிக்கொண்டார். நாளடைவில் அந்தத் தெருச் சனம் முழுக்க, படுத்திருக்கிற நாயைத் தாண்டுகிற மாதிரி, அந்தப் படியைக் கால் தூக்கித் தாண்டப் பழகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கொன்செத்தா, யோகமலரை விட வயதில் மூத்தவள், விதவை, பெரிய உடம்பு, அவளும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தாண்டித்தான் வருவாள். "உன்ர இந்தக் கல்லுக்கு நான் இந்த வயதில துள்ள வேண்டிக்கிடக்கு, மலரா" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். "துள்ளினால் உடம்புக்கு நல்லது, அக்கா" என்று யோகமலரும் ஒவ்வொரு முறையும் சொல்லுவாள்.

அந்தக் கல் போகவில்லை. மத்தியானத்தில் மெல்லமாக நடுங்கும், ஒரு பக்கம் தலையைத் தூக்கும், யோசிக்கும், திரும்பப் படுத்துவிடும். ஊரெல்லாம் செருப்புத் தேய்த்த கல்லுகளுக்குள் இது ஒன்றுதான் பூ வாங்கின கல். அதற்குப் போக மனம் வரவில்லை.

இதற்கிடையில் கடல் தீவை மறக்கத் தொடங்கியது. மதில் ஒவ்வொரு வரியாக உயர உயர, கடலில் இருந்து பார்க்கிறவனுக்குத் தீவு கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போனது. சாமான் கப்பலின் கப்டன் மேயருக்குப் போன் எடுத்து, "தீவை எங்கை கொண்டுபோய் வைச்சனீங்கள்?" என்று கேட்டான். "நான் துறைமுகத்தில நிண்டு உன்னைப் பாக்கிறன், லேஞ்சித் துண்டை ஆட்டுறன்" என்றார் மேயர். "ஐயா, இஞ்ச தண்ணிதான் கிடக்கு" என்றான் கப்டன். பிறகு மீன்பிடிக்கப் போனவர்கள்தான் விசயத்தைக் கண்டுபிடித்தார்கள். யோகமலர் வீட்டுக் கல் நிற்க வேண்டிய இடம், மதிலின் பழைய வாசல், இன்னும் திறந்து கிடந்தது. அந்த இடைவெளியில் நின்று பார்த்தால் கடலின் எந்தத் துண்டு தெரிகிறதோ, அந்தத் துண்டில் நிற்கிறவனுக்குத்தான் தீவு தெரியும். கதவை ஒருக்களித்துத் திறந்து வைத்த அளவுக்கு ஒரு துண்டுக் கடல். கப்பலும் வள்ளமும் அதால்தான் வந்து போயின.

ஊர் அதையும் சமாளித்துக்கொண்டது. சமாளித்தது மட்டுமில்லை, கோப்பிக்கடையில் சிலர் குரலைத் தாழ்த்தி, பிறகு தாழ்த்தாமலே, நல்லதுதான் நடந்திருக்கு என்றார்கள். வெயில் காலத்தில் தெற்கிலிருந்து சனத்தை அடைத்துக்கொண்டு வருகிற வள்ளங்கள் இந்த முறை வரவில்லை. போன வருசம் அந்தச் சனத்துக்குக் கம்பளி போர்த்திவிட்ட கைகளும், சூப் காய்ச்சிக் கொடுத்த கைகளும்தான் இப்போது மேசையைத் தட்டி, "பெரியவங்கள் விசயம் தெரிஞ்சுதான் கட்டியிருக்கிறாங்கள்" என்றன. கெட்ட சனம் இல்லை. களைத்த சனம், பயந்த சனம். யோகமலர் அந்த மேசைக்குப் பக்கத்தில் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், கலக்கினது போதும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அவளுடைய தம்பி கேதீஸ் அப்போது தெற்கே அக்கரையில், ஒரு தகரக் கொட்டிலில், வள்ளம் எப்ப வெளிக்கிடும் என்று காத்துக்கொண்டு கிடந்தான்.

அதை அவள் ஊரில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. குலேந்திரனுக்கு மட்டும் தெரியும்.

"அவன் வேற கரையில இறங்குவான். நீ ஏனப்பா இந்தக் கல்லைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறாய்? இருக்கிற ஊரோட ஒத்துப் போகோணும்" என்றான் குலேந்திரன்.

"வேற கரை எது? காட்டுங்கோ பாப்பம்" என்றாள் அவள். குலேந்திரன் வெங்காயம் உரித்தான். அவனுக்கு மட்டும் விருப்பமா என்ன? ஊரைப் பகைத்து இன்னொரு முறை மூட்டை கட்ட அவன் உடம்பில் தெம்பு இல்லை.

ஆனால் மதில் பொறுக்கவில்லை. கேட்ட கல் வராதபடியால் அது கேட்காத கல்லுகளையும் இழுக்கத் தொடங்கியது. தேவாலயத்துப் படிகள் கழன்று மலைப் பக்கம் நகர்ந்தன. கிணற்றுக்கட்டு பிளந்தது. ரொசாரியோ பாண் சுடுகிற போறணை ஒரு பக்கம் சரிந்து, ஊர் அன்றைக்குப் பாண் இல்லாமல் இருந்தது. பிறகு கொன்செத்தா வீட்டு மூலைக்கல் வெளியே தலையை நீட்டியது, சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்தது.

அடுத்த நாள் காலமை ஊர் யோகமலர் வாசலுக்கு வந்தது. மேயர் முன்னுக்கு நின்றார், ஆனால் பேசினது கொன்செத்தாதான். அன்றைக்கு அவள் படியைத் தாண்டி உள்ளே வரவில்லை, தெருவிலேயே நின்றாள்.

"மலரா, என்ர சுவரைப் பாத்தனீதானே. நான் கண்ணை மூடினால் அது என்ர மேல விழும். எல்லாரும் குடுத்திட்டம். நீயும் குடுத்திடு."

"குடுத்தால் கடல் மூடிப்போகும், அக்கா."

"மூடட்டும். முதல்ல வீடு, பேந்து கப்பல்" என்றார் மேயர். "எங்களிட்ட ஆடு இருக்கு, கோதுமை இருக்கு. நாங்கள் இருக்கிறம் எண்டு எங்களுக்குத் தெரிஞ்சால் போதாதோ?"

"கல்லுத்தானே அது" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

யோகமலர் வாசலுக்கு உள்பக்கத்தில், கல்லுக்கு இந்தப் பக்கம், சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எது முந்துகிறதென்று அவளுக்கே தெரியவில்லை. கொன்செத்தாவின் சுவர் வெடிப்பைப் பார்க்கவும் அவளுக்குப் பாவமாய்த்தான் இருந்தது. பொய்யில்லை. அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. எடுக்கப் போய், எங்கேயோ அமத்துப்பட்டு, குரல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வெளியே வந்தது.

"அக்கா... கேட்குதோ அக்கா... வள்ளம் வெளிக்கிட்டிட்டுது... எஞ்சின் நிண்டுபோச்சு. தண்ணி உள்ளை வருது. ஒரு பக்கமும் கரை இல்லை, அக்கா."

தமிழில் "மிதியாதை"யும் ஓரிரண்டு வசவும் தவிர ஒரு சொல் விளங்காத சனம்தான். ஆனால் அந்தக் குரல் எங்கே இருந்து வருகிறதென்று தீவில் பிறந்த எவனுக்கும் விளங்கும். பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தமும், யாரோ வாளியால் தண்ணீர் இறைக்கிற சத்தமும் கேட்டன. மேயர் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார், திரும்பக் கழற்றினார்.

"ஆர் அது?" என்று கொன்செத்தா கேட்டாள்.

"என்ர தம்பி" என்றாள் யோகமலர். "கடைசித் தம்பி. நான் வெளிக்கிடேக்கை அவனுக்கு மீசை முளைக்கேல்லை."

கொன்செத்தாவின் சுவர் டிக்கென்று இன்னொரு முறை வெடித்தது. போகவும் விடமுடியாது, பிடித்து வைக்கவும் முடியாது. யோகமலர் கல்லைப் பார்த்தாள். அது நடுங்கிக்கொண்டு கிடந்தது, அதற்கும் இரண்டு பக்கத்து இழுவை. அப்போதுதான் அவளுக்குத் தன் தாய் ஞாபகத்துக்கு வந்தாள். அயல்வீட்டில் ஒரு சுண்டு அரிசி இரவல் வாங்கினால், தாய் அரிசியை மட்டும் அளந்து திருப்பி அனுப்பமாட்டாள். ஒரு பிடி சீனியோ, இரண்டு பச்சைமிளகாயோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கறிவேப்பிலை நெட்டாவது போட்டுத்தான் கொடுத்துவிடுவாள். வெறும் அரிசியைத் திருப்பிக் கொடுக்கிறது கொடுத்தவனை அவமதிக்கிற மாதிரி.

"சரி, குடுக்கிறன்" என்றாள் யோகமலர். "ஆனால் வெறுங்கல்லாக் குடுக்க மாட்டன். இவ்வளவு காலமும் அது எனக்கு வாசலாக் கிடந்தது. வாசலோட குடுக்கிறன்."

குலேந்திரனைக் கூப்பிட்டு மஞ்சள் தூள் முழுப் பேணியையும் ஒரு போத்தல் தண்ணீரையும் எடுத்துவரச் சொன்னாள். பிறகு குனிந்து, பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றி, கல்லின் தலையில் கையை வைத்து, "எழும்பு ராசா, போவம்" என்றாள். கல் எழும்பியது. மத்தியானம் ஆகவில்லை, ஊர் முழுக்க விழித்துக்கொண்டு நின்றது, அப்படியிருந்தும் எழும்பியது. பசுவைக் கூட்டிக்கொண்டு போகிறவளைப்போல அவள் கையை அதன் மேல் வைத்தபடி முன்னால் நடக்க, கல் பக்கத்தில் கரகரவென்று வர, பின்னால் மேயரும் ரொசாரியோவும் பாதிரியாரும் கொன்செத்தாவும் முழுத் தெருவும் வர, கோப்பிக்கடையையும், பாதிவழியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற தேவாலயத்துப் படிகளையும் கடந்து, எல்லாரும் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வாசலடிக்கு வந்ததும் கல் நிமிரத் தொடங்கியது. அதுதானே அதன் பழைய வேலை. இரண்டு பக்கத்துக் கல்லுகளும் விலகி இடம் கொடுத்தன. கடலின் கடைசித் துண்டு மெலிந்து ஒரு கோடாகப் போனது, சனம் மூச்சை இழுத்தது. யோகமலர் இடைவெளிக்குள் பாய்ந்து, கல்லின் நெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினாள்.

"படு" என்றாள். "நீ இனி மதில் இல்லை. படு. ஆற்ற காலும் படாமல் உன்னை வைச்சிருந்தனான், சொல்லுக் கேள். படடா!"

கல் யோசித்தது. பெரியவங்கள் அடுக்கின காலம் ஒரு பக்கம், மஞ்சளும் பூவும் ஒரு பக்கம். பிறகு, முழங்கால் வலிக்கிற கிழவன் இருக்கிற மாதிரி, மெல்ல மெல்லச் சரிந்து, வாசலுக்குக் குறுக்கே படியாகப் படுத்தது. அவள் பேணியைக் கவிழ்த்து முழு மஞ்சளையும் அதில் கொட்டி, தண்ணீர் தெளித்து, மூலை முடுக்கெல்லாம் பூசினாள். இரவல் வந்து சேர்ந்தது, மதிலுக்குக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் வாசலும் திறந்து கிடந்தது. கொன்செத்தாவின் சுவர் அதன்பிறகு வெடிக்கவில்லை. வெடித்த வெடிப்பு வெடித்தபடிதான் இன்றைக்கும் நிற்கிறது, விழுமோ விழாதோ ஒருத்தருக்கும் தெரியாது.

யோகமலர் போனைக் காதில் வைத்தாள். "கேதீஸ், நல்லாச் சுத்திப் பார். எல்லாப் பக்கமும் பார்."

"தண்ணிதான் அக்கா."

"பாரடா."

போனுக்குள் காற்று இரைந்தது. பிறகு அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாத குரலில் சொன்னான். "மஞ்சளா ஒண்டு தெரியுது அக்கா. தண்ணிக்கு மேலை. வீடு இல்லை, ஒண்டும் இல்லை... வாசற்படி மாதிரி."

"அதைப் பாத்து வலியுங்கோ. கையாலயெண்டாலும் வலியுங்கோ."

குலேந்திரன் மேட்டில் ஆடு கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஆட்டுப்பாதையால் கீழே ஓடினான். ஊரோடு ஒத்துப் போகோணும் என்ற அதே குலேந்திரன்தான். அவனுக்குப் பின்னால் ரொசாரியோ மாவுக் கையோடு ஓடினார். மற்றவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்கள்.

வெயில் சாயத் தொடங்கினபோது அந்தச் சனம் பாதையால் ஏறி வந்தது. முன்னுக்கு வந்தவனைப் பார்த்து யோகமலருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தாடி வளர்ந்து, உதடு வெடித்து, கால் வீங்கி, ஆனால் நடக்கிற நடை அப்பாவுடைய நடை. அவன் வாசலுக்கு வந்து, வீங்கின காலைத் தூக்கி, நேரே கல்லின் மேல் வைக்கப் போனான்.

"டேய், படியை மிதியாதை!" என்று கத்தினாள் யோகமலர்.

கேதீஸ் தூக்கின காலோடு நின்றான். "அம்மாவைப் போலவே கத்துறாய்" என்று சொல்லி, தாண்டி, உள்ளே வந்து அவள் தோளில் விழுந்தான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அந்த அழுகையில்தான் பிழை நடந்தது. அவனுக்குப் பின்னால் வந்தவள் வேறு ஏதோ நாட்டுக்காரி, இடுப்பில் குழந்தை, தமிழும் தெரியாது, தீவுப் பாஷையும் தெரியாது. நேரே கல்லின் மேல் ஏறி நின்றுவிட்டாள். இத்தனை வருசமாக ஒரு காலும் படாத கல். அது திடுக்கிட்டு நடுங்கி, ஒரு பக்கம் தலையைத் தூக்கியது. அவள் தடுமாறிப் பின்பக்கம் இறங்கினாள். கல் தூக்கின தலையை இறக்கவில்லை. முழங்காலளவு எழும்பியது, இடுப்பளவு எழும்பியது, வெளியே நின்ற சனத்தின் முகங்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. சும்மா நின்றாலே போதும், தானாக மூடிவிடும், ஒருத்தருக்கும் பழி இல்லை. மேயர் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோதாரி!" என்று ஒரு சத்தம் கேட்டது. யோகமலரிடம் இருந்து பழகின வசவு. கொன்செத்தா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னுக்கு வந்து, பெரிய உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்துக் கல்லின் தலையை அமத்திப் பிடித்தாள். "படு!" என்றாள் அதையும் தமிழில். கல் படிந்ததும் பாவாடையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, படியைத் தாண்டி வெளியே போனாள், திரும்பித் தாண்டி உள்ளே வந்தாள், அந்தப் பிள்ளைக்காரி பார்க்கத்தக்கதாக இன்னும் ஒருமுறை, மூச்சு வாங்க வாங்க, போய் வந்து காட்டினாள்.

"இப்பிடி" என்று தன் பாஷையில் சொல்லிக் கையை நீட்டினாள். "இப்பிடித் துள்ளு, மகள்." பிறகு, இத்தனை வருசமாக அந்தத் தெருவில் காதில் விழுந்துகொண்டே இருந்த சொல்லை, தன் கட்டைக் குரலில், மேட்டில் நின்ற முழு ஊருக்கும் கேட்கக் கத்தினாள்.

"மிதியாதை!"

அந்தப் பெண் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலை உயரத் தூக்கித் தாண்டினாள். கல் பேசாமல் கிடந்தது. பின்னால் இன்னும் சனம் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தது, கொன்செத்தா ஒவ்வொருத்தருக்கும் கையை நீட்டினாள்.